கேளிக்கை நகரில் ஒரு பகல்

உலகத்திலே உழவினால் வளர்ந்த நகரங்கள் உள. வாணிகத்தினால் வளர்ந்தனவும், தெய்வத் தலங்களைச் சூழ வளர்ந்தனவும் உள. இவற்றுள் எதிலும் சேராது, கைப்பொருளைப் பந்தயமாக வைத்துப் பார்க்கும் மனித ஆசையினாலே செழித்த நகரங்களும் சில உண்டு. மத்தியதரைக் கடலோரத்திலே மொனாக்கோ என்னும் சின்னஞ்சிறு நாட்டிலுள்ள மொன்டி கார்லோ அவற்றுள் பெயர் பெற்றது. 1863ஆம் ஆண்டிலே அங்கு எழுந்த சூதாட்ட மாளிகை அந்நாட்டின் தலைவிதியையே மாற்றியது. அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 1931இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கவே, பாலைவனத்தின் நடுவே கிடந்த லாஸ் வெகாஸ் ஒளிவெள்ளம் பாயும் பெருநகராயிற்று.

மொனாக்கோவிலே ஒரு விந்தை உண்டு. அந்நாட்டின் குடிமக்கள் தம் நாட்டுச் சூதாட்ட மேசைகளிலே பணம் வைத்து ஆடுதல் சட்டத்தினால் விலக்கப்பட்டிருக்கின்றது. விருந்தினர் ஆடலாம், வீட்டார் ஆடலாகாது! சூதினாலே செழித்த நாடு தன் பிள்ளைகளை மாத்திரம் அதனின்றும் காத்துக்கொள்கின்றதென்றால், அவ்விளையாட்டின் இயல்பை அதனினும் நன்கறிந்தோர் யாவர்?

எமது மலைநாட்டிலே மொன்டி கார்லோ இல்லை. ஆயினும், உழைப்போர் நடுவிலே ஓய்வுக்கும் கேளிக்கைக்குமென்றே உருவாக்கப்பட்ட நகரமொன்று உண்டு. அங்கே ஏரி உண்டு, பூங்கா உண்டு, குதிரைப் பந்தயத் திடலும் உண்டு. அதுவே நுவரெலியா. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் விடுமுறையிலே நண்பர் மூவருடன் அந்நகரை ஒரு பகல் முழுவதும் சுற்றிப் பார்த்து வந்தோம். ஒருவர் கணித ஆசிரியர். ஒருவர் சரித்திர ஆசிரியர். மூன்றாமவர் தபால் உத்தியோகத்தர். நாம் கண்டவற்றையும், கண்டு சிந்தித்தவற்றையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

மலையேறும் புகையிரதம்

மழை மலிந்த வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையே, தேயிலைச் சரிவுகளின் மடியிலே அமைந்திருக்கின்றது றொசல்ல என்னும் சிறு புகையிரத நிலையம். காலைப் பனி கலையுமுன்னர் அங்கே புகையிரதம் ஏறினோம். வீட்டாரின் கைப்பக்குவத்தில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் பொதியாக எம்முடன் வந்தன. அட்டனைக் கடந்தவுடன் வண்டி சிங்கமலைச் சுரங்கத்துள் நுழைந்தது. ஏறக்குறைய 560 மீற்றர் நீளமுள்ள இச்சுரங்கமே இலங்கைப் புகையிரதப் பாதையிலுள்ள சுரங்கங்களுள் மிக நீண்டது. இருளிலே சிறுவர்கள் கூக்குரலிட்டு மகிழ, மறுமுனையிலே கொட்டகலையின் பசுமை எம் கண்களைக் கூசச் செய்தது.

"இப்பாதை நாவலப்பிட்டிக்கு 1874இல் வந்தது, அட்டனுக்கு 1884இல், நானுஓயாவுக்கு 1885இல் வந்து சேர்ந்தது" என்று தொடங்கினார் சரித்திர நண்பர். "மலைநாட்டிலே இருப்புப்பாதை முதன்முதல் எண்ணப்பட்டது கோப்பிக்காக. ஆனால் 1869இல் இலை நோய் தோன்றிக் கோப்பியை அழித்துவிட்டது. பாதை அட்டனை எட்டிய காலத்திலே ஏற்றிச் செல்லத் தேயிலைதான் வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு வகையிலே பார்த்தால், கோப்பியும் ஒரு பந்தயந்தான். கடன் வாங்கிக் காடழித்த துரைமார் பலர் அதிலே தோற்று நொடித்துப் போயினர். ஆனால் அந்தப் பந்தயத்தை வைக்காதவர்களும் அதிலே தோற்றார்கள். தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்து உழைத்தோரைத்தான் சொல்லுகிறேன்."

சென் கிளேயர் நீர்வீழ்ச்சி தோன்றி மறைந்தது. தலவாக்கலையைக் கடந்து, கிறேற் வெஸ்ரேண் மலையின் அடியிலே வளைந்து வளைந்து ஏறிய வண்டி எம்மை நானுஓயாவிலே இறக்கிற்று. (அவ்வாண்டு நவம்பரிலே வீசிய டித்வா சூறாவளி இம்மலைப்பாதையைப் பல இடங்களிற் சிதைத்துவிட்டது என்பதை நினைக்கும்போது, அன்றைய பயணம் இன்னும் அருமையுடையதாகத் தோன்றுகின்றது.) அங்கிருந்து பஸ் வண்டியிலே நுவரெலியா சென்றடைந்தோம்.

துரைமார் சமைத்த நகரம்

ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். இலங்கையின் மிக உயர்ந்த மலையாகிய பிதுருதலாகல காவல் நிற்கும் பள்ளத்தாக்கு. ஏப்ரலிலும் கம்பளிச் சட்டை தேடச் செய்யும் குளிர். வெப்பத்திலே வாடிய ஆங்கிலேயர் இவ்விடத்தை விரும்பியதில் வியப்பில்லை. 1819இல் மருத்துவர் ஜோன் டேவி இதனைக் கண்டு எழுதினார். ஆளுநர் எட்வேட் பாண்ஸ் இங்கே மாளிகை கட்டினார். 1848இல் சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் கொணர்ந்து, ஆங்கிலக் கிராமமொன்றையே இங்கு நாட்ட முயன்றார்.

1894ஆம் ஆண்டுத் தபால் நிலையத்தின் செங்கற் கட்டடத்தைத் தபால் நண்பர் வாஞ்சையோடு நோக்கி நின்றார். அவரை அங்கிருந்து பெயர்ப்பதற்குள் எமக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. விக்டோரியாப் பூங்காவிலே ஏப்ரல் பருவத்துப் பூக்கள் பாத்தி பாத்தியாக விரிந்திருந்தன. நீலமும் வெண்மையுமான கொத்துப் பூக்களின் அருகிலே நின்று புகைப்படம் எடுப்போர் கூட்டம் எங்கும் நிறைந்திருந்தது. 1876இல் தோட்டத்துரைமாரின் சங்கமாகத் தோன்றிய ஹில் கிளப் கட்டடத்தை வெளியிலிருந்தே கண்டு நடந்தோம்.

1872 முதல் 1877 வரை ஆளுநராயிருந்த சேர் வில்லியம் கிறெகரியின் பெயர் தாங்கிய ஏரியிலே படகுகள் சென்றுகொண்டிருந்தன. அதனருகே பரந்து கிடந்தது 1875ஆம் ஆண்டிலே அமைக்கப்பட்ட குதிரைப் பந்தயத் திடல். நாம் சென்றது ஓட்டம் நடைபெறாத நாளாதலால், திடல் வெறுமையாகவே கிடந்தது. ஆளுநர் கிண்ணத்துக்காகக் குதிரைகள் ஓடும் நாளிலே இங்கே நிற்க இடமிராது.

ஒரு சிறு கணக்கு

வேலியோரம் அமர்ந்து பொதியை அவிழ்த்தோம். "பந்தயத்திலே வெல்வது யார்?" என்று தபால் நண்பர் கேட்டார்.

"குதிரையும் அன்று, பணம் கட்டியவனும் அன்று" என்றார் கணித நண்பர். "கட்டப்பட்ட பணத்தை ஒன்றாகத் திரட்டிப் பகிரும் முறையைப் பாருங்கள். நடத்துநரின் பங்கும் வரியும் முதலிலே கழிக்கப்படும். மிச்சத்தைத்தான் வென்றவர்கள் பகிர்ந்துகொள்ளுகிறார்கள். அதனால் எல்லோரும் சேர்ந்து கட்டியது எப்போதும் எல்லோருக்கும் திரும்பிவருவதில்லை. சூதாட்ட மாளிகையிலே சுழலும் சக்கரமும் அப்படித்தான். ஐரோப்பிய முறையிலே அதில் 37 எண்கள். சரியான எண்ணிலே ஒரு ரூபா வைத்தவனுக்கு அந்த ரூபாவும் மேலும் 35 ரூபாவும் கிடைக்கும். நீங்கள் 37 எண்ணிலும் ஒவ்வொரு ரூபா வையுங்கள். நிச்சயமாக வெல்வீர்கள். கையில் வருவது 36! வெற்றி உங்களுக்கு, அந்த ஒரு ரூபா மாளிகைக்கு. சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் இதே கதைதான்."

வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்து, அதிலே வரும் வெற்றியைத் தூண்டிலை விழுங்கிய மீனின் இரையோடு ஒப்பிட்டதன் நுட்பம் அவ்வேளை எமக்கு நன்கு புலனாயிற்று. வெற்றி என்பது பொய்யன்று. மீனுக்கு இரை கிடைக்கத்தான் செய்கின்றது. கேடு அதனுள் இருக்கும் முள்ளிலன்றோ உள்ளது?

குதிரை பிடித்த இளைஞர்

அப்போது குதிரையொன்றைக் கையிற் பிடித்தபடி இளைஞர் ஒருவர் எம்மை அணுகினார். ஏரிக்கரையிலே உல்லாசப் பிரயாணிகளைக் குதிரையேற்றி நடத்திச் செல்வது அவர் தொழில். "சேர், ஒரு சுத்து போறீங்களா?" என்றார். எமது உடலின் பாரத்தைக் குதிரையின்மேல் ஏற்ற மனமில்லாமையால், அவருக்கும் ஒரு ரொட்டி கொடுத்து அருகில் அமரச் செய்தோம். அயலிலுள்ள தோட்டமொன்றின் லயத்தைச் சேர்ந்தவர், தந்தை இல்லை, தாயார் கொழுந்து பறிக்கின்றார். அவருடைய சட்டைப் பையிலே சுவீப் சீட்டுகள் எட்டிப் பார்த்தன.

"தம்பி, நாளைக்கு எத்தனை வாங்குவீர்?" என்று கேட்டார் கணித நண்பர்.

"மூணு, சேர்."

சீட்டொன்று நாற்பது ரூபா. நண்பர் மண்ணிலே குச்சியாற் கணக்கிட்டார். நாளொன்றுக்கு 120 ரூபா; ஆண்டுக்கு 43,800 ரூபா. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரிலே 1,350 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டிருந்தது. "அப்படியென்றால், உம்முடைய அம்மா முப்பத்திரண்டு நாள் மலையில் நின்று பறிக்கும் கொழுந்து இந்தப் பைக்குள்ளே போகிறது" என்றார்.

இளைஞர் சிறிது நேரம் குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தார். பின்னர் அமைதியாகச் சொன்னார்: "அந்தக் கணக்கு எனக்கும் தெரியும், சேர். அம்மா தெனமும் சொல்றாங்க. ஆனா சீட்டு பையில இருக்கிற வரைக்கும், நாளைக்கி என்னமோ நடக்கும்னு ஒரு நெனப்பு இருக்கு. சீட்டு இல்லேன்னா அந்த நெனப்பும் இல்ல. வேற எதுல நம்பிக்கை வைக்கச் சொல்றீங்க?"

எம்முள் ஒருவரும் உடனே விடை கூறவில்லை. வகுப்பறையிலே சூதின் தீமையை நாம் பலமுறை எடுத்துரைத்திருக்கின்றோம். அறியாமையே மனிதனைச் சூதிலே தள்ளுகின்றது என்பது அறநூல் கற்பிப்போர் வழக்கமாகக் கூறும் காரணம். இவ்விளைஞரோ அறியாதவர் அல்லர். அவர் வாங்கியது பரிசை அன்று; நாளையைப் பற்றிய ஓர் எண்ணத்தை. அதனை வேறெங்கும் அவருக்கு விற்பாரில்லை.

"எதுவரை படித்தீர்?" என்று கேட்டார் கணித நண்பர். சாதாரண தரப் பரீட்சையிலே தமிழும் சரித்திரமும் சித்தியெய்தி, கணிதத்திலே தவறியதாகவும், அதன் பின்னர் பாடசாலைப் பக்கம் செல்லவில்லையென்றும் கூறினார். பாடசாலையை விட்டவர்களும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக அப்பரீட்சைக்கு மீண்டும் தோற்றலாம் என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. விண்ணப்பிக்கும் முறையைத் தபால் நண்பர் விளக்கினார். ஞாயிறுதோறும் அட்டனுக்கு வந்தால் தாம் கற்பிப்பதாகக் கணித நண்பர் வாக்களித்தார். பயணிகள் சிலர் குதிரையைத் தேடி வரவே, இளைஞர் எழுந்து சென்றார்.

சீதை கோயிலின் முன்னே

பிற்பகலிலே பதுளை வீதி வழியாகச் சீதா எலிய சென்று, ஓடைக்கரையிலுள்ள சீதை அம்மன் கோயிலை வழிபட்டோம். இராமகாதையிலே சீதை சிறையிருந்தது பிறர் செய்த வஞ்சனையினால். பாரதத்திலே பாஞ்சாலி சபையேறியது தன் கணவன் ஆடிய சூதினால். எமது தோட்டங்களிலே இரவிரவாக ஆடப்படும் அருச்சுனன் தபசுக் கூத்து, சூதிலே நாடிழந்து காடேகிய பின்னர் நிகழும் கதையன்றோ? ஆடியவன் ஒருவன், அடகு போனவர்கள் வீட்டிலுள்ளோர். தாயாரின் முப்பத்திரண்டு நாட் கொழுந்தும் அத்தகையதே.

மாலை வண்டியிலே றொசல்ல திரும்பினோம். இளைஞர் அதன் பின்னர் அட்டனுக்கு வரத் தொடங்கினார். பருவகாலத்து ஞாயிறுகளிலே தொழிலை விட்டு வர அவரால் இயலவில்லை. ஏனைய ஞாயிறுகளிலே தவறாது வந்தார். சுவீப் சீட்டை அவர் அடியோடு விட்டுவிடவில்லை. மூன்று ஒன்றாகியிருக்கின்றது.

இலங்கையிலே சூதாட்ட மண்டபங்களை ஒழுங்குபடுத்த 2010இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கொழும்பிலே சிற்றி ஒவ் ட்றீம்ஸ் என்னும் பெருவிடுதியின் சூதாட்ட மண்டபம் 2025இல் திறக்கப்பட்டது. அத்தகைய மண்டபங்களுள் நுழையும் இலங்கையர் செலுத்தவேண்டிய கட்டணமும் அவ்வாண்டிலேயே 50 டொலரிலிருந்து 100 டொலராக உயர்த்தப்பட்டது. மொனாக்கோவைப் போல முற்றாக விலக்காவிடினும், வீட்டாரைத் தடுக்க ஒரு வாயில் அங்கே உண்டு. ஆனால் நகரத்துப் புக்கி கடைக்கும், தெருவோரச் சுவீப் மேசைக்கும் அத்தகைய வாயில் இல்லை. செல்வந்தன் ஆடும் இடத்துக்குக் காவல் உண்டு. நாட்சம்பளக்காரன் ஆடும் இடம் திறந்தே கிடக்கின்றது.

அவ்வாயிலிலே காவல் நிற்க வேண்டியவர்கள் பெற்றோரும், ஆசிரியரும், கற்ற இளைஞருமாகிய நாமே. "சூதாடாதே" என்னும் சொல்லோடு எமது கடமை முடிந்துவிடாது. பரீட்சையிலே தவறி வீட்டில் நிற்கும் பிள்ளை உங்கள் அயலிலும் இருத்தல் கூடும். மீண்டும் எழுதலாம் என்னும் செய்தியை அப்பிள்ளைக்குக் கொண்டு செல்லுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் உடனிருந்து கற்பியுங்கள். கல்வியும் ஒரு வகைப் பந்தயமே. அதிலும் தோல்வி உண்டு. ஆயினும் அங்கே வைத்த பொருளிலே முதற்பங்கு எடுத்துக்கொள்ளும் நடத்துநர் எவருமில்லை. கற்றது முழுவதும் கற்றவனுக்கே.