ஓட்டு வீட்டை இடிக்கும் முன் மூன்று நாள் நடை

கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை குருத்துப்பூச்சி, மண் பரிசோதனை, மானியம் என்றுதான் இருக்கும். போன வருடக் கடைசியில் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து வந்த ஒரு கடிதம் வேறு மாதிரி. ‘தாத்தா கட்டிய நாட்டு ஓட்டு வீடு. நடுவில் முற்றம், முன்னால் திண்ணை. பின்னால் இரண்டு ஏக்கர் தோப்பும் கிணறும். தம்பி பிளாட் போடலாம் என்கிறான். மகனோ, வீட்டை இடித்துவிட்டு ரிசார்ட் மாதிரி கட்டினால் சென்னைக்காரர்கள் வருவார்கள், கடன் வாங்கலாம் என்கிறான். எது சரி?’

நான்கு வரியில் பதில் எழுத எனக்குத் தெரியவில்லை. ‘சம்பா அறுவடை முடிந்ததும் குடும்பத்தோடு தாம்பரம் வாருங்கள். மூன்று நாள் நடந்து பார்த்துவிட்டுப் பேசுவோம்’ என்று பதில் போட்டேன். விஷயம் காதில் விழுந்து, என் வட்டாரத்து விவசாயிகள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். ஆணும் பெண்ணுமாகப் பதினோரு பேர்.

எங்கள் துறையில் ‘கண்டுணர்வுச் சுற்றுலா’ என்று அழைத்துப் போவது வழக்கம். பஸ்ஸில் ஏற்றி, ஆராய்ச்சி நிலையத்தில் இறக்கி, மதியச் சாப்பாடு போட்டு, குரூப் போட்டோ எடுத்துத் திரும்பிவிடுவோம். நானே பல முறை நடத்தியிருக்கிறேன். அதில் யாருக்கு என்ன மனதில் தங்கியது என்று கேட்டால் சாப்பாட்டைத்தான் சொல்வார்கள். இந்த முறை அவரவர் சொந்தச் செலவு, மின்சார ரயில், டவுன் பஸ், மிச்சமெல்லாம் கால்நடை. பழைய வீடுகளையும் தோட்டங்களையும் வழிகாட்டியோடு நடந்தே பார்த்துவரும் விடுமுறைப் பயணம் இங்கிலாந்து போன்ற நாடுகளில் ஒரு தொழிலாகவே நடக்கிறது. நம் பக்கத்தில் காரைக்குடி வட்டாரத்துச் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க அப்படி வருகிறார்கள். தாம்பரத்தைச் சுற்றி அதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டவர்களும் உண்டு. 2021-ல் மாநகராட்சியாகிவிட்ட ஊர் இது. ஏரிக்கரை வரைக்கும் வீடுகள். இருந்தாலும் பார்ப்பதற்கு இருக்கிறது.

கூட்டாமல் விட்ட குப்பை

முதல் நாள் காலை ஆறரை மணிக்குத் தாம்பரம் ரயில் நிலையத்தில் கூடினோம். பக்கத்திலேயே சென்னைக் கிறித்தவக் கல்லூரி. முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி வாங்கியிருந்தேன். 1837-ல் தொடங்கிய இந்தக் கல்லூரி, ஜார்ஜ் டவுனில் இடம் போதாமல், சரியாக நூறு வருடம் கழித்து 1937-ல் சேலையூர்க் காட்டுப் பக்கம் குடிவந்தது. வளாகம் 365 ஏக்கர். புள்ளிமான்கள் திரிகின்றன.

வந்தவர்கள் காட்டை வெட்டித் தரிசாக்கிவிட்டுக் கட்டடம் கட்டவில்லை. இருந்த புதர்க்காட்டில் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிட்டு, இடையிடையே கட்டினார்கள். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ், அவர் மனைவி ஆலிஸ் இருவரும் வளாகமெங்கும் மரம் நட்டு வளர்த்தவர்கள். பாடம் சொன்னது வேதியியல் என்றாலும் பார்ன்ஸ் செடிகொடிகளைத் தேடித் தேடிப் படித்த மனிதர்.

எங்கள் கூட்டத்துக்கு முதலில் கண்ணில் பட்டது மரமல்ல. ‘என்ன சார், இவ்வளவு பெரிய காலேஜ், குப்பையைக் கூட்டாம விட்டிருக்காங்க?’ என்றார் ஒரு அம்மா. ஒதுக்குப்புறமாக ஓரிடத்தில் சருகைக் காலால் விலக்கச் சொன்னேன். ஒரு மாதமாக மழையில்லை. அடியில் மண் கருப்பாக, விரல் வைத்தால் குளிர்ச்சியாக இருந்தது. இரண்டடி தள்ளி, ஆள் நடந்து நடந்து வெளுத்த பாதையில் அதே மண் சரளையாகக் கிடந்தது. மூடாக்கு பற்றி நான் எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன். அன்று பேச வேண்டிய தேவையே வரவில்லை.

இந்தப் பக்கத்து நிலம் அவ்வளவு மேலோட்டமானது. கீழே பாறை. பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளில் இருக்கும் அந்தக் கருங்கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு இந்த வகைக் கல்லைத்தான் வைத்திருந்தார்கள். அதனால் வந்த பெயர். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடாரியைக் கண்டெடுத்ததும் இதே பல்லாவரத்தில்தான். இப்படி மண் ஆழமில்லாத இடத்தில் தண்ணீர் ஊற்றாமல் நிற்பது களாவும் காரையும் காட்டு எலுமிச்சையும்தான். காட்டு எலுமிச்சை இலையைக் கசக்கி முகரக் கொடுத்தேன். எலுமிச்சை மணமேதான், முள்ளும் உண்டு. வேலியோரம் கம்பியும் கல்தூணும் நட்டுச் செலவழிப்பவர்கள் களாவையும் காரையையும் ஒரு முறை யோசிக்கலாம். ஆடு தாண்டாத அளவுக்கு அடர வருடங்கள் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விடுதிக் கட்டடங்களில் நடுவே திறந்த முற்றம் விட்டு, சுற்றிலும் அறைகள் வைத்திருக்கிறார்கள். கடிதம் எழுதியவர் வாசலிலேயே நின்று பார்த்தார். ‘எங்க வீட்டு முற்றத்தைப் பெருசாக்கின மாதிரி இருக்கு சார்’ என்றார். மகன் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

அங்கிருந்து சானடோரியம் பக்கம் நடந்தோம். ரயில் நிலையத்துக்கு ஏன் இந்தப் பெயர் என்று அந்தப் பாதையில் தினமும் போகிறவர்களுக்கே தெரியாது. டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-ல் இங்கே காசநோயாளிகளுக்கு ஆரோக்கிய நிலையம் தொடங்கினார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, வெளிச்சம், ஓய்வு, சாப்பாடு ஆகியவைதான் சிகிச்சை. அதற்காகவே ஊருக்கு வெளியே மரங்கள் நிறைந்த இடமாகப் பார்த்து அமைத்தார். இப்போது அரசு மருத்துவமனை. நோயாளிகள் இருக்கும் இடத்தில் வேடிக்கை பார்க்க நுழைவது முறையல்ல என்பதால் வெளியிலிருந்தே பார்த்தோம். மாலையில் மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில். சோழர் காலத்தது. விமானத்தின் பின்புறம் யானை முதுகு போல் வளைந்திருக்கும். சுற்றிவந்தால்தான் அந்த வளைவு தெரியும்.

அடிமரம் இல்லாத ஆலமரம்

இரண்டாம் நாள் அடையாறு. தாம்பரத்திலிருந்து சைதாப்பேட்டை வரை ரயில். அங்கே இறங்கியதும் ஒரு நிமிடம் நின்றேன். 1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளிதான் 1906-ல் கோயம்புத்தூருக்குப் போய்க் கல்லூரியாகி, இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. நான் படித்த இடத்தின் வேர் இந்த நெரிசலுக்குள்தான் எங்கோ இருக்கிறது. சொன்னேன், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. டீக்கடை தேடிக்கொண்டிருந்தார்கள்.

பிரம்மஞான சபைத் தோட்டத்துக்குள் குறிப்பிட்ட நேரத்தில்தான் விடுவார்கள். போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஹடில்ஸ்டன் தோட்டம் என்ற பெயரில் அடையாற்றங்கரையில் ஒரு பங்களாவும் 27 ஏக்கர் நிலமுமாக இருந்ததை, சபையை நிறுவிய ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் 1882-ல் வாங்கினார்கள். பிறகு பக்கத்துத் தோட்டங்களையும் சேர்த்து, இன்று சுமார் 260 ஏக்கர். கோயில், தேவாலயம், பள்ளிவாசல், புத்தர் சன்னதி எல்லாம் மரங்களுக்கு நடுவே இருக்கின்றன.

எல்லோரும் தேடிப் போவது ஆலமரத்தை. வயது சுமார் 450 இருக்கும் என்கிறார்கள். 1989-ல் அடித்த புயலில் அடிமரம் சாய்ந்துவிட்டது. தூக்கி நிறுத்திப் பார்த்தும் பிழைக்கவில்லை. ஆனாலும் மரம் இருக்கிறது. விழுதுகள் ஒவ்வொன்றும் தனித்தனி மரமாகத் தாங்கிக்கொண்டு, தோப்பு மாதிரி பரந்து நிற்கிறது. கொல்கத்தாத் தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்துக்கும் இதே கதைதான். பூஞ்சாணம் தாக்கியதால் 1925-ல் அடிமரத்தை அகற்றினார்கள். விழுதுகளின் பலத்தில் இன்றும் விரிந்துகொண்டே போகிறது.

ஊர் ஆலமரத்துக்கு என்ன செய்கிறோம் என்று பேச்சு வந்தது. தொங்கும் விழுதை ஆடுமாடு கடிக்கும், பிள்ளைகள் ஊஞ்சலாடி அறுப்பார்கள், நாமே பல் துலக்க ஒடிப்போம். தரையைத் தொடாத விழுது மரத்துக்குத் தாங்கல் ஆகாது. மூங்கிலை நெடுக்காகப் பிளந்து உள்ளே மண்ணும் மட்கிய எருவும் நிரப்பி, விழுதின் நுனியை அதற்குள் விட்டுக் கயிற்றால் கட்டித் தரைவரை இறக்கிவிட்டால் போதும். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மண்ணைப் பிடித்ததும் பருக்க ஆரம்பிக்கும். மந்தைவெளி ஆலமரத்தின் கனமான கிளை ஒன்றுக்கு இப்படி ஒரு கால் கொடுத்துவிட்டால், அடுத்த புயலுக்கு அந்தக் கிளையாவது நிற்கும்.

நம்பர் போட்ட தூண்கள்

மூன்றாம் நாளுக்காகத்தான் நான் இவர்களை வரவழைத்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காடு அருகே தட்சிணசித்ரா. மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996-ல் திறந்தது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. தென்மாநிலங்களில் இடிக்கப்போகும் நிலையில் இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூண், உத்திரம், கதவு என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, நம்பர் போட்டு, இங்கே கொண்டுவந்து திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். வளாகத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர். உள்ளூர்ப் பொருளில் குறைந்த செலவில் வீடு கட்டிக்காட்டியவர்.

செட்டிநாட்டு வணிகர் வீடு, காஞ்சிபுரம் நெசவாளர் வீடு, கேரளத்து மர வீடுகள், கடலோர ஆந்திரத்து வட்டக் குடிசை எல்லாம் உண்டு. ஆந்திரத்து வீடு ஏன் வட்டமாக இருக்கிறது என்று கேட்டேன். ‘புயல் காத்து மோதுறதுக்கு மூலையே இல்லையே சார்’ என்று சட்டென்று பதில் வந்தது. சொன்னவர் கல்பாக்கம் பக்கத்துக்காரர்.

தஞ்சாவூர் விவசாயி வீட்டில்தான் நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். திண்ணையில் உட்கார்ந்தால் வாசலில் இருந்து உள்ளே நோக்கிக் காற்று ஓடுகிறது. சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே போக, அந்த இடத்தை நிரப்ப வாசல் பக்கமிருந்தும் பின்கட்டிலிருந்தும் காற்று வருகிறது. மேலே நாட்டு ஓடு. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே இருக்கும் சந்து வெப்பத்தை வெளியே விடுகிறது. பெய்கிற மழை முற்றத்தில் விழுந்து தூம்பு வழியே வெளியேறும். தோட்டத்துக்குத் திருப்பிவிட்டால் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் ஆகும். பெண்கள் சமையல்கட்டைப் பார்த்தார்கள். புகை போக வழி இருக்கிறதா, உரல் எங்கே, தண்ணீர் எவ்வளவு தூரம் என்று. ‘வீடு அழகுதான், ஆனா நாள் முழுக்கக் குனிஞ்சே வேலை செய்யணும்’ என்றார் ஒருவர். உண்மைதான். பழைய வீட்டைப் புகழ்பவர்களில் பலர் அதில் பாத்திரம் தேய்த்தவர்கள் அல்ல.

திருப்போரூர் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் மட்டும் ஒரு தூணையே தடவிக்கொண்டு நின்றார். ஜாண் போட்டு அளந்தார். ‘என்ன ஐயா?’ என்றேன். ஆறு வருடத்துக்கு முன் தன் வீட்டை இடித்து மாடி வீடு கட்டியிருக்கிறார். எட்டுத் தூணும் நிலைக்கதவும் இருந்தனவாம். புரோக்கர் ஒருவர் வந்து, ‘பழைய மரம், விறகுக்குத்தான் ஆகும்’ என்று சொல்லி மொத்தமாக ஏற்றிப்போய்விட்டார். ‘இதைவிட எங்க வீட்டுத் தூண் ஒரு ஜாண் சுத்தளவு கூட சார்’ என்றார். அதன்பிறகு பஸ் ஏறும் வரை அவர் பேசவில்லை.

கடிதத்துக்குப் பதில்

கடிதம் எழுதியவருக்கு நான் சொன்னது இதுதான். கடன் வாங்கி ரிசார்ட் கட்டாதீர்கள். அந்தச் சாலையில் ரிசார்ட்டுக்குப் பஞ்சமில்லை. நீங்கள் கட்டுவது அவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இடித்துவிட்டால் இந்த வீடு மட்டும் திரும்ப வராது. முதலில் ஓட்டை மாற்றுங்கள், கரையானைப் பாருங்கள். தட்சிணசித்ராவில் பார்த்த மாதிரி, பழுதான உத்திரத்தை மட்டும் கழற்றி மாற்றுகிற தச்சர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். சமையல்கட்டையும் குளியலறையையும் வீட்டம்மா சொல்கிறபடி புதிதாக்குங்கள்.

வருமானத்துக்குச் சின்னதாகத் தொடங்கலாம். இங்கிலாந்தில் 1927-ல், வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கி, வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் செவிலியர்களுக்கான நிதிக்குக் கொடுத்தார்கள். முதல் வருடமே 609 தோட்டங்கள் திறந்தன. அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. அதற்காக யாரும் புதிதாக எதையும் கட்டவில்லை. நீங்களும் மாதத்தில் ஒரு ஞாயிறு, பத்துப் பேருக்கு மிகாமல், தோப்பைச் சுற்றி ஒரு நடை, மதியம் வாழையிலையில் சாப்பாடு என்று வைத்துப் பாருங்கள். மரத்தின் பெயரையும் கிணற்றின் கதையையும் சொல்ல ஆள் வேண்டும். அது உங்கள் மகன் வேலை. இரவு தங்கவைப்பதென்றால் சுற்றுலாத் துறையின் பதிவு விதிகளை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இதை நம்பி விவசாயத்தை விட்டுவிடாதீர்கள். நன்றாக நடந்தாலும் இது உபரி வருமானம்தான்.

தம்பியின் பங்கு விஷயத்தில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அது இன்னும் பேச்சுவார்த்தையில்தான் இருக்கிறது. கிழக்கு உத்திரத்தில் கரையான் ஏறியிருந்ததாம், அதை மட்டும் மாற்றிவிட்டதாகப் போன் செய்தார். பையன் தோப்பில் இருக்கும் மரங்களை எண்ணி நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறான். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு இலையின் படம் அனுப்பினான். கிணற்றுக்குப் பின்னால் முளைத்திருக்கிறது, முள் இருக்கிறது, வீட்டில் யாருக்கும் பெயர் தெரியவில்லை, என்ன மரம் சார் என்று. கசக்கி முகர்ந்து பார் என்று மட்டும் எழுதினேன்.