'குடிக்கிறதே இல்லை... அப்புறம் எப்படி கணைய அழற்சி?' - வாசலை அடைக்கும் குட்டிக் கட்டி!

மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி. அப்படியே முதுகு வரைக்கும் பாயுது. மல்லாந்து படுத்தா அதிகமாகுது. முன்னால குனிஞ்சு உட்கார்ந்தா கொஞ்சம் பரவாயில்லை. கூடவே வாந்தி. 'கேஸ் பிராப்ளமா இருக்கும்'னு சோடா குடிச்சுட்டுப் படுத்துடாதீங்க. இது கணைய அழற்சியாகவும் இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இரைப்பைக்குப் பின்னால், சுமார் 15 செ.மீ நீளத்தில் இருக்கும் உறுப்புதான் கணையம். இன்சுலின் சுரப்பதோடு, சாப்பாட்டைச் செரிக்கவைக்கும் என்சைம்களையும் தயாரிக்கிறது. இந்த என்சைம்கள் சிறுகுடலுக்குப் போன பிறகுதான் வேலையைத் தொடங்கணும். போகிற வழி அடைபட்டால், கணையத்துக்குள்ளேயே வேலையை ஆரம்பிச்சு, கணையத்தையே அரிக்கத் தொடங்கிடும்.

பலருக்கு இது சில நாள்களில் சரியாகிடும். சிலருக்கு நுரையீரல், சிறுநீரகம் வரை பாதிக்கும். அந்தப் பாதிப்பு 48 மணி நேரத்தைத் தாண்டினால், அது தீவிர கணைய அழற்சி. உயிருக்கே ஆபத்து.

காரணம் மது மட்டும்தானா?

பித்தப்பைக் கல், மது... இந்த ரெண்டும்தான் முக்கியக் காரணங்கள். அதனாலதான் டாக்டர் 'குடிப்பீங்களா?'ன்னு கேட்கிறார். 'இல்லை'ன்னு சொன்னா, வீட்டிலேயே சந்தேகமா பார்ப்பாங்க. ஆனா, இந்த ரெண்டும் இல்லாமலும் வரலாம். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு எகிறுவது, சில மருந்துகள் எனப் பல காரணங்கள் உண்டு. அரிதாக, ஒரு கட்டியும் காரணமாகலாம்.

பித்தநாளமும் கணைய நாளமும் சிறுகுடலில் வந்து திறக்கிற வாசலுக்கு 'வேட்டர் ஆம்புல்லா' என்று பெயர். அங்கே கட்டி வளர்வது அபூர்வம். ஆனா, வாசல் ரொம்பச் சின்னது. குட்டிக் கட்டியே அதை அடைச்சுடும். மஞ்சள் காமாலை, வெளிறிய மலம், அடர் நிறச் சிறுநீர், உடல் அரிப்பு, காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் தள்ளிப்போடாதீங்க.

எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

ரத்தத்தில் லைபேஸ் அளவும் ஸ்கேனும் கணைய அழற்சியைக் காட்டிக்கொடுக்கும். கட்டியைப் பார்ப்பதுதான் சவால். வழக்கமான எண்டோஸ்கோப்பி கேமரா நேராகப் பார்க்கும். இந்த வாசலோ குடலின் பக்கச் சுவரில் இருக்கு. அதனால் கண்ணுக்குத் தப்பலாம். தேவைப்பட்டால் பக்கவாட்டில் பார்க்கும் எண்டோஸ்கோப், எம்.ஆர்.சி.பி ஸ்கேன், எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டு ஆகியவற்றைப் பயன்படுத்துவாங்க.

புற்றுநோயாக மாறாத சின்னக் கட்டியை எண்டோஸ்கோப்பி வழியாகவே அகற்றிவிட முடியும். புற்றுநோய் என்றால், 'விப்பிள்' என்கிற பெரிய ஆபரேஷன் தேவைப்படலாம். அமெரிக்க சர்ஜன் ஆலன் விப்பிள் 1935-ல் இந்த ஆபரேஷன் பற்றி எழுதியதே, இதே வாசலில் வந்த புற்றுநோய்க்காகத்தான்.

கணைய அழற்சி வந்த எல்லாருக்கும் கட்டி இருக்கும்னு பயப்பட வேண்டாம். ஆனா, வலி போயிடுச்சேன்னு ஃபைலை மூடிவைக்கவும் வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆகும்போது மறக்காம கேளுங்க... 'டாக்டர், எனக்கு இது எதனால வந்துச்சு?' காரணம் தெரியலைன்னா, அடுத்து என்ன டெஸ்ட், எப்போ எடுக்கணும்னு கேட்டுக் குறிச்சுக்கோங்க. அந்த ஒரு கேள்வி, அடுத்த அட்டாக்கைத் தடுக்கலாம். ஒரு புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடிக்கவும் உதவலாம்!