கடிதம் சேர்ந்ததா?

1924ஆம் ஆண்டில் புகைவண்டிப் பாதை பதுளையை எட்டிற்று. கொழும்பிலிருந்து வரும் கடிதங்கள் அதன்பின் விரைவாக மலையேறின. ஆயினும் பசறை, மடுல்சீமை, ஹப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் லயங்களில் வாழ்ந்தோருக்குத் தனி முகவரி இருந்ததில்லை. நெடுங்காலமாக அவர்களுடைய கடிதங்கள் தோட்ட அலுவலகத்திற்கே போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து கைமாறி உரியவரை அடையச் சில வேளை பல நாட்கள் கழியும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை முடிந்தபின் கைக்கு வந்து பயன் என்ன? அனுப்புதல் வேறு, சேர்தல் வேறு என்பதை மலையகம் நன்கறியும்.

மின்னஞ்சலுக்கும் இவ்வுண்மை பொருந்தும். இன்று பல்கலைக்கழக அனுமதிக்கும் தொழிலுக்கும் இணையத்தளங்களின் வழியே விண்ணப்பிக்கின்றனர். பல தளங்களில் முதற்கண் ஒரு கணக்கைத் தொடங்குதல் வேண்டும். கொடுத்த முகவரி விண்ணப்பதாரருடையதுதானா என்றறிய, தளம் அம்முகவரிக்கு ஒரு மடல் விடுக்கும். அதிலுள்ள இணைப்பை அழுத்தினால்தான் கணக்கு உயிர்பெறும். மடல் வாராவிடின் கதவு திறவாது. இறுதி நாளன்று தெமோதரையில் கைப்பேசியோடு காத்திருக்கும் மாணவி யாரிடம் முறையிடுவாள்?

ஆதலின், தளத்தில் மாற்றம் செய்யுந்தோறும் இவ்வழி முழுவதையும் சோதித்தல் அவசியம். மனிதர் சலிப்புறும் இப்பணியைக் கணினி நிரல் சலியாது செய்யும். அது புதியதொரு முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்கிறது. மெய்யான எவருக்கும் மடல் போய்விடாதிருக்க, அதனைச் சோதனை அஞ்சற்பெட்டி ஒன்று தடுத்துப் பிடித்துக்கொள்கிறது. '.டெஸ்ட்' என்னும் பெயர் சோதனைக்கென்றே 1999ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்டது. நிரல் அப்பெட்டியைச் சிறிது நேரத்திற்கு ஒருமுறை பார்க்கிறது. குறித்த எல்லைக்குள் மடல் வாராவிடின் தவறு என அறிவிக்கிறது. வந்தால் இணைப்பை எடுத்து, அதன்வழிச் சென்று, அதுவரை மூடியிருந்த கணக்கு திறந்ததா என நோக்குகிறது.

தமிழ்ப் பெயர் தாங்கிய மடலில் ஒரு நுட்பம் உண்டு. அத்தகைய மடல்கள் குறியீடாக மாற்றப்பட்டே பயணம் செய்வது வழக்கம். ஒரு முறையில், வரி ஒன்றுக்கு 76 எழுத்துக்களுக்கு மேல் இடமில்லை. நீண்ட இணைப்பு அங்கே இரண்டாக முறியும். குறியீட்டை அவிழ்த்த பின்னரே நிரல் இணைப்பைத் தேடல் வேண்டும்.

கதவு திறப்பதைப் பார்த்தால் மட்டும் போதாது. திறவாதிருக்க வேண்டிய வேளையில் மூடியிருக்கிறதா என்றும் பார்த்தல் வேண்டும். ஒருமுறை பயன்பட்ட இணைப்பு, ஓரெழுத்து மாறிய இணைப்பு, காலங்கடந்த இணைப்பு ஆகியவை மறுக்கப்படல் வேண்டும். காலங்கடந்ததைச் சோதிக்க ஒரு நாள் காத்திருக்க வேண்டுவதில்லை; தளத்தின் கடிகாரத்தை முன்னே தள்ளினாற் போதும்.

எனினும், சோதனைப் பெட்டிக்குள் சேர்ந்த மடல், வெளியுலகில் குப்பை மடல்களோடு ஒதுக்கப்படலாம். ஆகவே, பலரும் பயன்படுத்தும் அஞ்சற் சேவைகளுக்கும் இடையிடையே மெய்மடல் அனுப்பிப் பார்த்தல் நன்று. 'அனுப்பப்பட்டது' என்னும் பதிவு அனுப்புநரின் மனநிறைவுக்கே உதவும்; பெறுநரின் கையில் கணக்கு திறந்தது என்பதே சான்றாகும்.