மலை பூட்ஸ்: வளைத்துப் பார்த்து வாங்குவோம்

மலையூர்களில் மளிகையோடு பூட்ஸும் வைத்து விற்கும் வணிக அன்பர்கள் உண்டு. விலையை மட்டும் பார்த்து இச்சரக்கைக் கொள்முதல் செய்யலாகாது என்பதே நாம் சொல்ல வருவது.

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையில் காட்டாடு வேட்டைக்குப் போவோர் விறைப்பான பூட்ஸையே கேட்டு வாங்குகிறார்கள். சரிவில் குறுக்காக நடக்கும்போது பாதத்தின் ஓரம் மட்டுமே தரையைப் பிடிக்கும். அடித்தட்டு வளைந்தால் பிடி நழுவும். நம் நாட்டில் வேட்டைக்குத் தடை உண்டு. ஆனால் மலையேறுவோருக்கும் தேவை இதுவே.

1935-இல் இத்தாலிய ஆல்ப்ஸில் மலையேறிகள் ஆறு பேர் மாண்டனர். தக்க காலணி இல்லாததும் ஒரு காரணம் எனக் கண்ட விட்டாலே பிரமானி, ஆழ்ந்த பற்கள் கொண்ட ரப்பர் அடித்தட்டை உருவாக்கினார். 'விப்ரம்' என்பது அவர் பெயரின் சுருக்கமே.

வாங்கும்போது முனையையும் குதியையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். எளிதில் வளையக் கூடாது. தையல் குறைந்த தடித்த தோல் நீடித்து உழைக்கும். வாடிக்கையாளர் தடித்த காலுறையுடன், மாலை நேரத்தில் போட்டுப் பார்க்கட்டும். குதி தூக்கக் கூடாது; இறக்கத்தில் விரல் இடிக்கக் கூடாது.

முக்கியமாக, தயாரித்த தேதியைக் கவனியுங்கள். பாலியூரித்தேன் நுரைத்தட்டு உள்ள பூட்ஸ், ஈரக்காற்றில் பல ஆண்டு கிடந்தால், போடாமலே உள்ளுக்குள் இற்றுவிடும். பார்வைக்குப் புதிது; மலையில் அடி கழன்றுவிடும். எனவே முதலில் வந்தது முதலில் போகட்டும். நாட்பட்டதைத் தள்ளுபடியில்கூடத் தள்ள வேண்டாம். புளி கெட்டால் குழம்போடு போகும்; இது கெட்டால் ஆளே போய்விடுவார்.