கலையகத்தின் மதிலுக்கு வெளியே

திரைப்படம் பேசத் தொடங்கிய காலத்தில் அதன் முதற் பகை இரைச்சலே. மௌனப்படக் காலத்தில் இயக்குநர் உரத்துக் கட்டளையிட்டாலும், அருகே தச்சர் ஆணி அறைந்தாலும் படத்திற்குக் கேடில்லை. ஒலிவாங்கி வந்ததும் நிலைமை மாறியது. வெளி ஓசை புகாத கட்டடங்களும் விலையுயர்ந்த ஒலிப்பதிவுக் கருவிகளும் தேவைப்பட்டன. தொழில்நுட்பவியலாளர், எழுத்தாளர், நடிகர் அனைவரையும் ஒப்பந்தத்திற் கட்டி, ஒரே மதிலுக்குள் வைத்திருக்க வல்ல பெருமுதல் நிறுவனங்களின் கை ஓங்கியது. கலையக முறை வலுப்பெற்றது இவ்வாறே.

ஐரோப்பாவில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, பேர்லினை அடுத்த பாபெல்ஸ்பேர்க்கில் இயங்கிய ‘ஊஃபா’ நிறுவனம். 1929 இல் அங்கே சிலுவை வடிவில் நான்கு ஒலிப்படக் கூடங்கள் எழுந்தன. 1930 இல் வெளிவந்த ‘நீலத் தேவதை’ ஊஃபாவின் புகழை உலகெங்கும் பரப்பியது. தயாரிப்பாளர் எரிக் பொம்மர். குரல் மாற்றிப் பதிக்கும் நுட்பம் வளராத காலமாகையால், ஜேர்மன் மொழியிலும் ஆங்கிலத்திலும் காட்சிகளைத் தனித்தனியே எடுத்தார்கள். 1931 இல் வந்த ‘மாநாடு நடனமாடுகிறது’ என்ற படம் மூன்று மொழிகளில் தயாராகியது. நடிகை லிலியன் ஹார்வி மூன்றிலும் தோன்றினார்.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மார்ச் 29 ஆம் நாள் ஊஃபா நிருவாகம் கூடி, யூத ஊழியர்களின் ஒப்பந்தங்களை முடிவுறுத்தத் தீர்மானித்தது. அவ்வாறு செய்யும்படி அப்போது எந்தச் சட்டமும் பணிக்கவில்லை. ஆட்சியாளரின் விருப்பத்தை முன்னறிந்து நிறுவனமே செய்த காரியம் அது. ஊஃபாவின் பெருமைக்குக் காரணமான பொம்மரும் வெளியேற்றப்பட்டார்.

அவர் பாரிஸ் சென்றார். ஊஃபாவுக்குத் திரைக்கதை எழுதிய பில்லி வைல்டரும் பாரிஸ் வழியாக 1934 இல் அமெரிக்கா அடைந்தார். ‘நீலத் தேவதை’யின் இசைப் பணியில் ஈடுபட்ட பிரான்ஸ் வக்ஸ்மன், பேர்லின் தெருவில் நாசிகளால் தாக்கப்பட்டபின் நாட்டைவிட்டு வெளியேறினார். 1950 இல் ஹொலிவூட்டில் வைல்டர் இயக்கிய ‘சன்செற் பூல்வார்ட்’ படத்திற்கு இசையமைத்து ஒஸ்கார் விருது பெற்றவர் இதே வக்ஸ்மன்.

ஹொலிவூட்டை முன்னரே அடைந்தவர்கள் வாளாவிருக்கவில்லை. 1938 இல் போல் கோனர் முதலானோர் ஐரோப்பியத் திரைப்பட நிதியத்தைத் தொடங்கினர். வேலையிலிருந்தோர் தமது வருமானத்தில் ஒரு பங்கை அதற்கு வழங்கினர். பிரான்ஸ் வீழ்ந்தபின், அங்கே சிக்கியிருந்த எழுத்தாளர்களுக்கு வேலை வழங்குமாறு கலையக அதிபர்களிடம் மன்றாடினர். வேலை ஒப்பந்தம் ஒன்று கையிலிருந்தால் அமெரிக்க விசா பெறுவது எளிதாயிற்று. ‘நீலத் தேவதை’க்கு மூலமான நாவலை எழுதிய ஹைன்றிஷ் மன் 1940 இல் அமெரிக்கா வந்து, வோர்னர் பிறதர்ஸ் கலையகத்தில் பணியேற்றார். ஓராண்டின்பின் அவ்வேலை தொடரவில்லை; வறுமை சூழ்ந்தது. ஆயினும் உயிர் தப்பியது.

எல்லோரும் தப்பவில்லை. அதே படத்தில் மந்திரவித்தைக்காரராக நடித்த கூர்ட் கெறோன் பாரிசுக்கும் பின்னர் ஒல்லாந்துக்கும் ஓடினார். ஒல்லாந்தையும் நாசிகள் கைப்பற்றினர். 1944 இல் அவுஷ்விற்ஸ் முகாமில் அவர் கொல்லப்பட்டார்.

பாபெல்ஸ்பேர்க்கின் செங்கற் கூடங்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றுக்கு உயிர் கொடுத்தவர்கள் கற்ற தொழிலை மட்டுமே சுமந்துகொண்டு எல்லை கடந்தார்கள். முன்னே சென்றவர்கள் தமது சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கியதால் பின்னே வந்தவர் பலர் வாழ்ந்தனர் என்பதை, அகதிகளாகிய நாம் மறத்தலாகாது.