எழுத்து தமிழ்ப் பண்டிதருக்கு மட்டுமா?

பிள்ளைகளுக்கு எழுதப் பயிற்றுவது தமிழ்ப் பண்டிதர் ஒருவருடைய பொறுப்பு என்னும் எண்ணம் நம் பள்ளிக்கூடங்களில் வேரூன்றி நிற்கிறது. கணக்கு உபாத்தியாயர் விடையை மட்டும் பார்க்கிறார். விஞ்ஞான உபாத்தியாயர் குறிப்புச் சொல்ல, பிள்ளைகள் ஓரெழுத்தும் பிசகாமல் எழுதிக்கொள்கிறார்கள். சரித்திரமோ நெட்டுருப் போடப்படுகிறது. பத்தாண்டு கை எழுதியும் கருத்து எழுதவில்லை. ஆதலால் பள்ளியை விட்டு வரும் வாலிபன் தாசில்தாருக்கு ஒரு விண்ணப்பம் எழுதவும் பிறர் வாசலில் நிற்கிறான். தன் குறையைத் தானே எழுத அறியாதவன், பிறர் எழுதியதன் கீழ்க் கையொப்பம் இடுகிறான். குடியரசு நாட்டில் இது சிறு குறையன்று.

இங்கிலாந்தில் ஆலன் புல்லக் தலைமையிலான குழு, எப்பாடம் கற்பிப்பவரும் மொழிக்குப் பொறுப்பாளியே என்று 1975-இல் வற்புறுத்தியது. நமது 2005-ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டமும் அவ்வாறே கூறிற்று. தமிழகத்தில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புகளில் அடிப்படை இட முற்பட்டது. அதன்மேல் சுவர் எழுப்ப வேண்டியவர்கள் எல்லாப் பாட உபாத்தியாயர்களுமே.

கிருஷ்ணகிரி ஜில்லாவின் எல்லைப்புறத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வழங்குகின்றன. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிற்று. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு தமிழ் வகுப்பு போதுமா?

அஞ்செட்டி வட்டத்து நாட்றாம்பாளையத்தைப் பாருங்கள். காட்டை அடுத்த ஊர். கேழ்வரகு விளையும் பூமி. கேழ்வரகு முளைப்பதை ஒரு வாரம் கவனித்து நாள்தோறும் இரண்டு வாக்கியம் எழுதினால் அது விஞ்ஞானம். விதையும் எருவும் கூலியும் போக மிஞ்சியது எவ்வளவு, அவ்விடை எவ்வாறு வந்தது என்று எழுதினால் அது கணக்கு. யானைக்கு அஞ்சி வயலில் இரவுக் காவல் இருந்த கதையைப் பாட்டனாரிடம் கேட்டு எழுதினால் அது சரித்திரம். முதலில் வீட்டு மொழியில் பேசட்டும். பிறகு தமிழில் எழுதட்டும். உபாத்தியாயர் முன்னர்க் கருத்தைப் பார்த்து, பின்னர்ப் பிழையைத் திருத்தி, மீண்டும் ஒருமுறை எழுதச் செய்க.

பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்பார் உளர். வாரத்திற்கு ஒருமுறை, பாடத்திற்கு ஐந்து வாக்கியம் எழுதுவிக்க நேரமில்லையா? குறிப்பு எழுதும் நேரத்தில் ஒரு பங்கே இதற்குப் போதும்.

தேச ஊழியர்களே! 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் தந்திருக்கிறது. அங்கே சென்று பிள்ளையின் விஞ்ஞான நோட்டைக் கேளுங்கள். அதில் அவன் சொந்த வாக்கியம் ஒன்றேனும் உண்டா என்று பாருங்கள். இல்லையெனில், அது உண்டாகும்வரை ஓயாதீர்கள்.