குடலைப் புண்ணாக்காமல் கொல்லும் புரதம்

காலரா கடுமையாகத் தாக்கினால் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட உடல்நீர் வெளியேறும். காலையில் வயலுக்குப் போன ஆள், மாலைக்குள் கண் குழிந்து, விரல் நுனிகள் சுருங்கி, நாடி பிடிபடாமல் கிடப்பார். சிகிச்சை கிடைக்காவிட்டால் இப்படிக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் வரை இறந்துபோவார்கள். வாந்திபேதி என்ற சொல் காதில் விழுந்ததும் ஊரையே காலி செய்துவிட்டுப் போன காலம் உண்டு.

இவ்வளவு செய்யும் கிருமி, குடல் சுவரைத் துளைப்பதில்லை. ரத்தத்தில் கலப்பதில்லை. சிறுகுடலின் உட்பரப்பில் ஒட்டிக்கொண்டு அங்கேயே பெருகுகிறது. நோயாளியின் குடலிலிருந்து துளி திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், செல்கள் வரிசை கலையாமல் ஏறக்குறைய நலமாகவே இருக்கும். பிறகு ஆள் எப்படிச் சாகிறார்?

இதற்கு விடை கிடைக்க, கிருமி அடையாளம் காணப்பட்ட பிறகும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. ராபர்ட் கோக் 1884-ல் கல்கத்தாவில் காலராக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். அது ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்க வேண்டும் என்றும் ஊகித்தார். நிரூபிக்க முடியவில்லை, அப்போது விலங்குகளுக்குக் காலராவை வரவழைக்க அவரால் இயலவில்லை. கோக்கை நம்பாத மூனிச் பேராசிரியர் மேக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1892-ல் கிருமி வளர்த்த நீரைக் குடித்துக் காட்டினார். லேசான வயிற்றுப்போக்கோடு தப்பினார். அதை அவர் வெற்றி என்றே எடுத்துக்கொண்டார்.

பின்னால் வந்தவர்கள் நஞ்சைத் தேடிய இடம்தான் தவறு. ரத்தநாளத்திலும் வயிற்றறைக்குள்ளும் கிருமியை ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். விலங்குகள் செத்தன, பேதியாகவில்லை. கொல்லப்பட்ட கிருமியின் உடலிலும் நஞ்சு இருப்பதை ரிச்சர்ட் ஃபைஃபர் காட்டியதும், காலராவின் நஞ்சு அதுவே என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். நீர் ஏன் ஒழுகுகிறது என்பதற்கும் ஒரு விளக்கம் புழக்கத்தில் இருந்தது: குடலின் உட்தோல் உரிந்து விழுகிறதாம். சவப் பரிசோதனையில் அது உரிந்திருந்தது உண்மைதான், ஆனால் இறந்த பிறகு உரிந்தது. பாங்காக்கில் உயிரோடிருந்த நோயாளிகளிடம் எடுத்த திசுக்களை ஆராய்ந்து 1960-ல் வெளியான கட்டுரைதான் இந்தக் கதையை ஒழித்தது.

அதற்குள் கல்கத்தாவில் ஒருவர் வேறு வழியில் விடைக்கு வந்து சேர்ந்திருந்தார்.

சம்பு நாத் தே 1915-ல் ஹூக்ளி மாவட்டத்தில் கரிபட்டி என்ற சிற்றூரில் பிறந்தவர். கல்கத்தாவில் மருத்துவம் படித்து, லண்டனில் ராய் கேமரனிடம் ஆய்வு செய்து 1949-ல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அவர் ஆராய்ந்த விஷயங்களில் ஒன்று, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. காலராவை ஒரு கிருமி நோயாக மட்டும் பார்க்காமல், உடலில் நீர் இடம் மாறும் கோளாறாகவும் அவர் பார்த்ததற்கு அந்தப் பயிற்சி காரணமாக இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஊர் திரும்பிய தே செய்த சோதனைக்கு ஒரு முயல், கொஞ்சம் பட்டு நூல், மயக்க மருந்து, ஓர் ஊசி போதும். முயலின் வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் சுமார் நான்கு அங்குல நீளத்தை, ரத்த ஓட்டம் தடைபடாமல், இரு முனையிலும் நூலால் கட்டினார். கட்டிய பகுதிக்குள் காலராக் கிருமி வளர்த்த நீரைச் செலுத்தினார். வயிற்றைத் தைத்துவிட்டு மறுநாள் திறந்தார். கட்டுக்குள் இருந்த குடல் உப்பிப் புடைத்திருந்தது. உள்ளே, காலரா நோயாளியிடமிருந்து வெளியேறும் அதே கழுநீர் நிறத் திரவம். கிருமியில்லாத சத்துநீரை ஏற்றிய பகுதி வெறுமையாகக் கிடந்தது. தன் சகா சாட்டர்ஜியுடன் சேர்ந்து இதை 1953-ல் வெளியிட்டார்.

அடுத்த படி இன்னும் முக்கியமானது. கிருமி வளர்ந்த நீரை வடிகட்டி, ஒரு கிருமிகூட இல்லாத தெளிவை மட்டும் முயலின் குடலில் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. அதாவது நஞ்சு செத்த கிருமியின் உடலிலிருந்து சிந்துவதல்ல, உயிரோடிருக்கும் கிருமி வெளியே சுரந்து விடுவது. 1959 மே 30 தேதியிட்ட நேச்சர் இதழில் இது வந்தது. இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும் கட்டுரை, ஒரே ஆசிரியர். அதே ஆண்டில் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் என்.கே. தத்தாவின் குழுவும் முயல்குட்டிகளை வைத்து நஞ்சின் பங்கைக் காட்டியது. ஆனால் கட்டிய குடல் சோதனைதான் உலகெங்கும் ஆய்வகங்களில் பரவியது. அதைச் செய்து பார்க்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை என்பது ஒரு காரணம். வேறு கிருமிகள் பேதியை உண்டாக்குகின்றனவா என்று பார்க்கவும் அது உதவியது. குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் சில வகைகளும் அப்படிச் செய்வதை 1956-லேயே தேயின் குழு கண்டிருந்தது.

நாட்டுக்குள் அவருக்குக் கிடைத்த மரியாதை? எந்த இந்திய அறிவியல் அகாடமியும் அவரை உறுப்பினராக்கவில்லை. 1973-ல் ஓசையின்றி ஓய்வு பெற்றார். அமெரிக்க மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் அவரை நோபல் பரிசுக்கு ஒருமுறைக்கு மேல் பரிந்துரைத்தார். 1978-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த நோபல் கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. அறுபதுகளின் தொடக்கத்திலேயே தான் செத்துவிட்டதாகவும், கருத்தரங்குக் குழுதான் தன்னைத் தோண்டி எடுத்ததாகவும் அங்கே அவர் பேசினார். 1985-ல் காலமானார். ஐந்தாண்டு கழித்து, 1990-ல், கரன்ட் சயின்ஸ் இதழ் அவருக்காக ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது.

நஞ்சைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தது 1969-ல், டாலஸ் நகரில், ரிச்சர்ட் ஃபிங்கல்ஸ்டீனும் ஜோசப் லோஸ்பலூட்டோவும். அது ஒரு புரதம் என்று உறுதியானது. அதன் பிறகு அது குடல் செல்லுக்குள் என்ன செய்கிறது என்பதைப் பல ஆய்வகங்கள் துண்டு துண்டாகக் கண்டுபிடித்தன. சொல்லப்போனால் முழுக் கதையின் சுவையான பகுதி இதுதான்.

நச்சுப் புரதத்துக்கு ஆறு உறுப்புகள். பி எனப்படும் ஐந்து துண்டுகள் ஒரு வளையமாக அமைந்திருக்கும், வளையத்தின் மேல் ஏ என்ற ஒரே துண்டு. குடல் செல்லின் மேற்பரப்பில் ஜிஎம்1 என்ற கொழுப்பு மூலக்கூறுகள் சர்க்கரைத் தலையோடு நீட்டிக்கொண்டிருக்கின்றன. பி வளையம் அவற்றைப் பற்றிக்கொள்கிறது. செல் தன் வழக்கப்படி சவ்வை உள்ளிழுக்கும்போது நஞ்சும் உள்ளே போய்விடுகிறது.

உள்ளே போனது நேராக வேலையைத் தொடங்குவதில்லை. செல் தயாரிக்கும் புரதங்கள் எந்தப் பாதையில் வெளியே வருகின்றனவோ, அதே பாதையில் எதிர்த்திசையில் பயணித்து, புரதங்கள் மடிந்து உருப்பெறும் எண்டோபிளாஸ்மிக் வலைப்பின்னல் வரை போகிறது. சரியாக மடியாத புரதங்களை அங்கிருந்து வெளியே தள்ளி அழிப்பதற்கு செல்லுக்கு ஒரு வாசல் உண்டு. ஏ துண்டின் நச்சுப் பகுதி வளையத்திலிருந்து கழன்று, மடிப்பு அவிழ்ந்து, கழிவுப் புரதம் போல் வேடம் போட்டு அந்த வாசல் வழியே செல்லின் உட்திரவத்துக்கு வந்துவிடுகிறது. வந்ததும் மீண்டும் மடிந்துகொள்கிறது. கழிவை அடையாளப்படுத்த செல் ஒட்டும் முத்திரை, பெரும்பாலும் லைசின் என்ற அமினோ அமிலத்தின் மேல்தான் விழும். இந்தத் துண்டில் லைசின் மிகமிகக் குறைவு. அதனால் முத்திரையும் விழுவதில்லை, அழிவும் இல்லை. பாக்டீரியாவுக்கு செல் உயிரியல் பாடம் எடுத்தவர் யாரோ!

இப்போது அதன் இலக்கு, ஜி புரதம். வெளியிலிருந்து வரும் ஹார்மோன் செய்திகளைச் செல்லுக்குள் கடத்தும் சுவிட்ச் அது. செய்தி வந்தால் எரியும், சில நொடிகளில் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். நச்சு, ஜி புரதத்தின் ஒரு குறிப்பிட்ட ஆர்ஜினின் அமினோ அமிலத்தின் மீது ஏடிபி-ரைபோஸ் என்ற சிறு மூலக்கூறை ஒட்டிவிடுகிறது. அவ்வளவுதான் அது செய்வது. எரிவது எரியும், அணைக்கும் திறன் போய்விடும். நச்சு ஒரு என்சைம் என்பதால் ஒன்றைக் கெடுத்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது.

அணையாத ஜி புரதம், சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறைச் செல்லுக்குள் பெருக்கிக்கொண்டே இருக்கும். அதன் ஏவலில் சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு வாசல்கள் திறக்கின்றன. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது, பின்னாலேயே சோடியம், அதன் பின்னால் தண்ணீர். கூடவே, உப்பை உள்ளே உறிஞ்சும் வழக்கமான வழியும் அடைபடுகிறது. சாதாரண நாளில் நம் குடலுக்குள் உணவாலும் சுரப்புகளாலும் எட்டொன்பது லிட்டர் திரவம் வருகிறது. கிட்டத்தட்ட முழுவதையும் அது திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அந்தக் கணக்கு தலைகீழானால் என்னவாகும் என்பதுதான் காலரா. செல் எதுவும் சாகவில்லை. சொல்லப்பட்ட வேலையை ஒழுங்காக, ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது.

இந்த நச்சு பின்னாளில் ஆய்வகங்களில் ஒரு கருவியாகவும் ஆயிற்று. ஜி புரதத்தை அடையாளம் காண அது பெரிதும் உதவியது. அந்தப் புரதங்களைக் கண்டறிந்ததற்காக ஆல்ஃபிரட் கில்மனும் மார்ட்டின் ராட்பெல்லும் 1994-ல் நோபல் பெற்றார்கள்.

செல் சாகவில்லை என்பதில்தான் மருந்தும் இருக்கிறது. நச்சு, உப்பு நுழையும் ஒரு வழியை அடைத்துவிட்டது. ஆனால் குளுக்கோஸ் நுழையும் வழியை அது தொடுவதே இல்லை. குடல் செல்லில் எஸ்ஜிஎல்டி1 என்ற புரதம் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறையும் இரண்டு சோடியம் அயனிகளையும் சேர்த்தே உள்ளே இழுக்கும், தனித்தனியாக இழுக்காது. குளுக்கோஸும் சோடியமும் இப்படி இணைந்தே போகின்றன என்ற கருத்தை ராபர்ட் கிரேன் 1960-ல் பிராகில் முன்வைத்தார். வெறும் உப்பு நீர் குடித்தால் அது பேதியோடு போய்விடும், சர்க்கரை சேர்ந்த உப்பு நீர் உடலில் தங்கும் என்பதற்குக் காரணம் இதுவே. டாக்காவிலும் கல்கத்தாவிலும் அறுபதுகளின் கடைசியில் மருத்துவமனைச் சோதனைகள் இதை உறுதி செய்தன.

பெரிய பரீட்சை 1971-ல் வந்தது. வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ரத்தநாளத்தில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்த மருத்துவர் திலீப் மகலானபிஸ், குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு கலந்த நீரைப் பீப்பாய்களில் கரைத்து, உறவினர்களே நோயாளிக்குப் புகட்டச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் இறந்தார், அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கான பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு. சர்க்கரை அளவுக்கு மேல் போனால் அதுவே தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து பேதியைக் கூட்டும். கடையில் விற்கும் இனிப்புப் பானம் எதுவும், உறையில் என்ன எழுதியிருந்தாலும், இதற்கு ஈடாகாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவின் குழு வேறொரு வழியைத் திறந்தது. சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தைக் கரைசலோடு கலந்தார்கள். அது பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் கொழுப்பமிலங்களாக மாறி, பெருங்குடலையும் உப்பும் நீரும் உறிஞ்ச வைத்தது. காலரா நோயாளிகளுக்குப் பேதி குறைந்ததை 2000-ல் வெளியிட்டார்கள்.

இவற்றில் எதுவும் கெட்டுப்போன ஜி புரதத்தைச் சரிசெய்வதில்லை. குடலின் உட்பரப்புச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதியவை வருகின்றன. நஞ்சேறிய செல் உதிர்வதோடு அதன் கோளாறும் போகிறது. அதுவரை ஆளை நீர் வற்றாமல் காப்பாற்றினால் போதும். கிருமிக்கொல்லி மருந்து, புதிதாக நஞ்சு சுரக்காமல் பார்த்துக்கொள்கிறது.

கிருமிக்கு இந்த நஞ்சு பிறவிச் சொத்தும் அல்ல. நஞ்சுக்கான மரபணுக்களை அதற்குள் கொண்டுவந்தது பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் என்பதை 1996-ல் மாத்யூ வால்டாரும் ஜான் மெகலனோசும் காட்டினார்கள். கடல், ஆறு, கழிமுகங்களில் வாழும் காலராக் குடும்பத்து பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றிடம் நஞ்சு கிடையாது. வகைகள் மாறிக்கொண்டும் இருக்கின்றன. அதுவரை கொள்ளைநோயாக வந்தவை எல்லாம் ஓ1 வகையாக இருக்க, 1992-ன் பிற்பகுதியில் சென்னையில் தென்பட்டு வங்கத்தை நோக்கிப் பரவிய காலரா, ஓ139 என்ற புது வகையாக இருந்தது. முன்பு காலரா கண்டு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் அது விடவில்லை.

லிட்டர் லிட்டராக நம்மிடமிருந்து தண்ணீரை வெளியேற்றுவதில் கிருமிக்கு என்ன லாபம்? அடுத்தவர் குடிநீரில் போய்ச் சேரலாம் என்பது பழைய பதில். மெகலனோசின் ஆய்வகம் 2019-ல் இன்னொன்றையும் சேர்த்தது. நச்சு வேலை செய்யும்போது குடல் சுவரின் நுண்ணிய ரத்தநாளங்கள் ரத்தம் தேங்கிப் புடைக்கின்றன, ரத்தத்தின் இரும்புச்சத்தும் கொழுப்பமிலங்களும் கிருமிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வருகின்றன. விலங்குகளில் செய்த அந்தச் சோதனைகளில், நஞ்சு சுரக்கும் கிருமி அந்தத் தீனியைத் தின்று, நஞ்சில்லாத தன் இனத்தைவிட வேகமாகப் பெருகியது.